வீட்டு வாசலில் நிற்கும் வண்டி



வீட்டுக்கு முன்னால் ஓடும் வீதி யாருக்கு உரியது? எவரிடம் கேட்டாலும் "எல்லோருக்கும் உரியது" என்றே விடை வரும். அதே மனிதரின் படலைக்கு எதிரே, முன்பின் அறியாத ஒருவர் காலை எட்டு மணிக்கு மோட்டார் வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு மாலைவரை திரும்பாமற் போய்விட்டாரெனின், அப்பொழுது அவ்விடை சிறிது தடுமாறும். வீதி பொதுவானதுதான், ஆயினும் வாசல் நம்முடையதல்லவா என்று மனம் வாதாடத் தொடங்கும். இவ்விரு நியாயங்களுக்கும் இடையில் நகர சபைகள் கண்டுபிடித்த ஓர் உடன்பாடே நேர எல்லை என்பது. குடியிருப்பு வீதிகளில் அவ்வெல்லையை எவ்வாறு வகுத்தல் தகும் என்பது பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

நேர எல்லை முதலிற் பயன்பட்ட இடம் குடியிருப்பு வீதியன்று; கடைத்தெருவே. கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை பார்ப்போர் காலையிலேயே வந்து வீதியோரம் முழுவதையும் நிரப்பிவிட, பொருள் வாங்க வருவோருக்கு நிற்க இடமில்லாமற் போயிற்று. இக்குறையைப் போக்குவதற்காக, அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் 1935 ஆம் ஆண்டு யூலை 16 ஆந் திகதி, உலகின் முதலாவது தரிப்பு மானி நாட்டப்பட்டது. 5 சத நாணயத்தை விழுங்கி நேரத்தை அளந்து காட்டும் அந்தப் பெட்டிக்கு வித்திட்டவர் கார்ல் மகீ என்னும் பத்திரிகையாளர். லண்டன் மாநகரில் அத்தகைய மானிகள் 1958 இல் குறோவ்நர் சதுக்கத்தை அண்டித் தோன்றின. 1960 செப்டெம்பரில் அவற்றைக் கண்காணிக்கப் போக்குவரத்துக் காவலர்கள் வீதியில் இறங்கினார்கள். அவர்கள் எழுதிய முதலாவது தண்டச் சீட்டு யாருக்குக் கிடைத்தது தெரியுமா? மாரடைப்புற்ற ஒருவரைக் காப்பாற்ற ஹோட்டலொன்றுக்கு விரைந்து வந்த மருத்துவர் ஒருவருக்கு! பொதுமக்கள் எழுப்பிய கண்டனத்தினால் அத்தண்டம் பின்னர் நீக்கப்பட்டது. மணிக்கூட்டுக்கு இரக்கம் தெரியாது. அதனை நாட்டுகின்ற சபைக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

கடைத்தெருவில் எல்லை வகுத்தவுடன் மற்றொரு தொல்லை பிறந்தது. வாய்க்காலை ஓரிடத்தில் மறித்தால் நீர் அடுத்த வயலுக்குப் பாய்வதுபோல, நாள் முழுவதும் நிற்கும் வண்டிகள் பக்கத்துக் குடியிருப்பு வீதிகளுக்குள் புகுந்தன. அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனுக்கு ஆற்றின் மறுகரையில், வெர்ஜீனியா மாநிலத்தில் உள்ளது ஆர்லிங்டன் என்னும் பிரதேசம். அங்கே கிறிஸ்டல் சிற்றி எனப்படும் கந்தோர்க் கட்டடத் தொகுதி ஒன்று எழுந்தது. அங்கு வேலைக்கு வந்தோர், அதனை அடுத்த அரோரா ஹைலண்ட்ஸ் என்னும் குடியிருப்பில் வண்டிகளை விட்டுச் சென்றனர். மக்கள் முறையிடவே, பிரதேச சபை ஒரு விதியை இயற்றியது. வார நாட்களில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, அநுமதிச் சீட்டுப் பெற்ற வண்டிகளே அவ்வீதிகளில் நிற்கலாம். அங்கு வசிப்போருக்கும், அவர்களிடம் அலுவலாக வருவோருக்கும், விருந்தினர் சிலருக்கும் சீட்டு இலவசம். விதியை இயற்றுமுன், வீதியில் எத்தனை இடங்கள் நிரம்பியுள்ளன, நிரப்பியவர்களுள் வெளியார் எத்தனை பேர் என்று சபை கணக்கெடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேலைக்கு வருவோர் சும்மா இருக்கவில்லை. "வீதி எங்கள் வரிப்பணத்திலும் ஆனதே, அங்கு குடியிருப்பவருக்கு மட்டும் என்ன தனியுரிமை?" என்று வழக்காடினார்கள். வெர்ஜீனியா மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 1977 ஒக்டோபர் 11 ஆந் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. குடியிருப்புகளில் இரைச்சலையும் விபத்தையும் குப்பையையும் குறைக்க விரும்புவது நியாயமான நோக்கமே. அந்நோக்கத்திற்காக வசிப்போரையும் வெளியாரையும் வேறுபடுத்துவது அரசியலமைப்புக்கு முரணன்று என்பது அதன் சாரம்.

தீர்ப்பு சரியானதே. எனினும், செய்யலாம் என்று நீதிமன்றம் கூறியதேயன்றி, எவ்வாறு செய்வது நன்று என்று கூறவில்லை. அது நீதிமன்றத்தின் வேலையுமன்று. வெளியாரை முற்றாகத் தடுப்பதைவிட மென்மையான வழியொன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரம் 1976 இல் தொடங்கிய முறை அத்தகையது. சீட்டு வைத்திருக்கும் குடியிருப்பாளர் வேண்டிய அளவு நிற்கலாம். சீட்டில்லாதவர் பெரும்பாலும் 2 மணி நேரம் நிற்கலாம். யாரும் வரலாம், யாரும் நாளெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டிருத்தல் ஆகாது என்பதே இதன் கருத்து. வீதி பொதுவானது என்னும் பழைய நியாயமும் இதனாற் சாகவில்லை.

அப்படியாயின் எத்தனை மணி நேரம்? இங்கேதான் சபைகள் அவசரப்படுகின்றன. ஒரு கூட்டத்தில் ஒருவர் கோபமாக "ஒரு மணி" என்பார். மற்றொருவர் "இரண்டு" என்பார். கைகளை எண்ணி முடிவு செய்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் என்றால், மகள் வீட்டுக்கு மதிய உணவுக்கு வந்த தந்தை பாயசத்துக்கு முன் எழுந்து ஓட வேண்டும். சங்கீதம் சொல்லிக்கொடுக்க வருபவரும், குழாய் திருத்த வருபவரும் வேலையை அரைகுறையாக விட்டு வண்டியை நகர்த்த வேண்டும். நான்கு மணி நேரம் என்றாலோ, கந்தோர்க்காரர் மதிய இடைவேளையில் ஒருமுறை வந்து வண்டியை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டுப் போய்விடுவார்; நாளும் கழிந்துவிடும். படுக்கையிற் கிடக்கும் முதியவரைப் பராமரிக்கக் காலை முதல் மாலை வரை இருக்க வேண்டிய பெண்ணுக்கோ எந்த எல்லையும் போதாது. அவளுக்கு வேண்டியது தனிச் சீட்டு. அதனையும் நோயாளியின் குடும்பம் பல படிவங்களை நிரப்பி மன்றாடாமற் பெறத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

ஆகையால் எல்லையை வகுக்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய நிபுணர் வேண்டியதில்லை. சாதாரணமான ஒரு வார நாளில் ஒருவர் குறிப்புப் புத்தகத்துடன் மணிக்கொருமுறை வீதியை நடந்து, நிற்கும் வண்டிகளின் இலக்கங்களை எழுதிக்கொள்ளட்டும். காலை 9 மணிக்குக் கண்ட இலக்கம் பிற்பகல் 3 மணிக்கும் அதேயிடத்தில் இருந்தால் அது நாள் முழுவதும் நிற்கும் வண்டி. ஒருமுறை மட்டும் கண்டதாயின் அது விருந்தினருடையது. காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரையுள்ள 10 மணி நேரத்தில், 2 மணி எல்லை உள்ள ஓர் இடம் 5 வண்டிகளுக்குப் பயன்படும். எல்லையில்லாத இடம் ஒன்றுக்கே பயன்படும். ஆனால் வீதி நிரம்பி வழிவது இரவு 10 மணிக்குத்தான் என்று கணக்குக் காட்டினால், வந்து நிற்பவர் வெளியாரல்லர், நாமே என்பது வெளிப்படும். பகல் நேர எல்லை அந்நோய்க்கு மருந்தாகாது.

லண்டனின் புறநகர்ச் சபைகள் சில கைக்கொண்ட ஓர் உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. புகையிரத நிலையத்தை அடுத்த வீதிகளில் அவை நாள் முழுவதும் கட்டுப்பாடு விதிப்பதில்லை. பகலில் ஒரேயொரு மணி நேரத்துக்கு மட்டும் சீட்டில்லாத வண்டி நிற்கலாகாது என்கின்றன. காலையில் வண்டியை விட்டு ரயிலேறி மாலையில் திரும்புபவருக்கு அந்த ஒரு மணி நேரம் தப்ப முடியாத வலை. உறவினரைப் பார்க்க வருபவருக்கோ மற்றைய நேரமெல்லாம் திறந்தே கிடக்கின்றது. காவலரும் அந்த ஒரு மணி நேரத்தில் வந்தாற் போதும்.

இக்கடைசி வசதி சிறியதன்று. 2 மணி எல்லையை நடைமுறைப்படுத்தக் காவலர் ஒருவர் ஒரே வீதிக்கு இருமுறை வர வேண்டும். முதன்முறை வண்டிச் சில்லில் வெண்கட்டியாற் கோடிடுவார். மறுமுறை கோடு அசையாதிருப்பின் தண்டச் சீட்டு எழுதுவார். இந்த எளிய வெண்கட்டியும் நீதிமன்றம் ஏறியது. மிச்சிகன் மாநிலத்துச் சகினோ நகரில், மூன்றாண்டுகளில் 15 சீட்டுகள் பெற்ற ஒரு பெண்மணி வழக்குத் தொடுக்க, 2019 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், சில்லிற் கோடிடுவதும் ஒருவகைச் சோதனையே, பிடியாணையின்றி அதனைச் செய்தது தவறு என்றது. சான் டியேகோ நகர வழக்கில் 2022 இல் வேறொரு மேன்முறையீட்டு நீதிமன்றம், கோடிடுவதிற் பிழையில்லை என்றது. பாரிஸ் நகரத்தார் 1957 இலேயே இதனினும் நாகரிகமான வழியைக் கண்டிருந்தனர். வந்த நேரத்தை வண்டிக்காரர் தாமே ஒரு நீல நிற அட்டைத் தட்டிற் காட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டுச் செல்வார். மானியும் வேண்டியதில்லை, வெண்கட்டியும் வேண்டியதில்லை. பொய் நேரம் காட்டுவோர் இருப்பர்தான், அகப்பட்டால் தண்டம்.

கட்டணத்தைச் சரியாக வைத்தால் நேர எல்லையே வேண்டியதில்லை என்பாரும் உளர். 2025 இல் மறைந்த பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005 இல் வெளியிட்ட பெருநூலில், இலவசத் தரிப்பிடத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று விரிவாக வாதித்தார். கடைத்தெருவைப் பொறுத்தவரை அவரை மறுப்பது கடினம். ஆனால் நோயுற்ற தாயைப் பார்க்க வரும் மகனிடம் மணிக்கு இவ்வளவு என்று வாங்குவது எனக்கு உவப்பாயில்லை. பணம் உள்ளவர் எவ்வளவு நேரமும் நிற்பார். நேர எல்லை முன்னால் இருவரும் ஒன்றே.

குடியிருப்பாளராகிய நம்மிடத்தும் ஒரு கேள்வி உண்டு. வீட்டுக்கு மூன்று வண்டி வாங்கி, மூன்றையும் வீதியில் விட்டுவிட்டு, வெளியாரை மட்டும் துரத்து என்று சபையைக் கேட்பது முறையாகுமா? சீட்டுகளின் தொகை இடங்களின் தொகையை மீறினால், சீட்டு வெறும் காகிதமே. யப்பானில் 1962 இல் இயற்றிய சட்டத்தின்படி, வண்டியை நிறுத்தத் தமக்கு வீதியல்லாத ஓர் இடம் உண்டென்று வண்டி வாங்குபவர் காட்ட வேண்டும். அவ்வளவு கடுமை நம்மிடையே செல்லுமோ அறியேன். ஆனால் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வசிப்போர், வெளியாரைக் குறை கூறுமுன் தம் மாடிக் கட்டடத்தில் எத்தனை வீடுகள், கீழே எத்தனை தரிப்பிடங்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இறுதியாக ஒன்று. எந்த எல்லையையும் முதலிற் பரீட்சையாகவே வைத்தல் நன்று. இங்கிலாந்தில் இதற்கென்றே பரீட்சார்த்தக் கட்டளை என ஒன்று உண்டு. அது 18 மாதங்களுக்கு மேல் நீடிக்க இயலாது. முதல் 6 மாதங்களில் மக்கள் ஆட்சேபணை எழுதி அனுப்பலாம். அக்காலத்தில் அதே குறிப்புப் புத்தகத்துடன் மீண்டும் நடக்க வேண்டும். பலகை நாட்டிய வீதியில் மட்டுமன்று, அதற்கு அடுத்த இரண்டு வீதிகளிலும் நடந்து, காணாமற்போன வண்டிகள் அங்கே யாருடைய வாசலில் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும்.