வயதே ஏறாத முகம்

மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் பேருந்து நிற்கும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நேரம் போவது தெரியாது. சுற்றிலும் பிளெக்ஸ் பேனர்கள். அவற்றில் தலைவருக்கு என்றைக்கும் முப்பத்தைந்து வயதுதான். நேரில் அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். பக்கத்திலேயே மகனோ பேரனோ சிரித்தபடி நிற்பார். அடுத்து யார் என்று ஊருக்குச் சொல்லியாயிற்று.

இந்த வித்தையில் கைதேர்ந்த ஒருவர் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ரோமாபுரியில் இருந்தார். அகஸ்டஸ் சீசர். அவருக்குத் துணியோ பலகையோ தேவைப்படவில்லை. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளிக் காசு போதுமானதாக இருந்தது. தினாரியஸ் என்று பெயர், எடை நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

தமிழ்நாட்டு மண்ணில் அதிகம் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் ஒன்று, அகஸ்டஸ் கி.மு. 2 முதல் சில ஆண்டுகள் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அடித்து வெளியிட்டது. ஒரு பக்கம் அகஸ்டஸின் தலை: லாரல் இலை மாலை, வழித்த கன்னம், சுருக்கமில்லாத நெற்றி. பார்த்தால் இருபத்தைந்து சொல்லலாம். அவர் பிறந்தது கி.மு. 63. அப்படியானால் அந்தக் காசு அடித்தபோது அறுபதைத் தாண்டியவர். கி.பி. 14இல், எழுபத்தாறை நெருங்கும் வயதில் இறந்தார். கடைசிவரை காசில் அவருக்கு நரை விழவில்லை.

மறுபக்கம் இரண்டு இளைஞர்கள், நடுவே கேடயமும் ஈட்டியும். காயுஸ், லூசியுஸ் என்ற பேரப்பிள்ளைகள். மகள் ஜூலியாவின் மக்களைத் தத்தெடுத்துத் தம் வாரிசுகளாக அறிவித்திருந்தார். இளைஞர்களின் தலைவர்கள் என்று அவர்களுக்குப் பட்டம் வேறு, காசிலேயே பொறித்தாயிற்று. லூசியுஸ் கி.பி. 2இலும் காயுஸ் கி.பி. 4இலும் தாத்தா உயிரோடு இருக்கும்போதே இறந்துபோனார்கள். ஆட்சி கடைசியில் அகஸ்டஸ் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த டைபீரியஸிடம் போனது. ஆட்சிக்கு வராமலே போன அந்த இரண்டு பிள்ளைகள் காசில் ஏறி கொங்கு நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கொங்கு நாடு என்று காரணமாகத்தான் சொல்கிறேன். வெள்ளி பெரும்பாலும் அங்கேதான் கிடைத்தது. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் ஒரே புதையலில் 522 காசுகள். பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் இருவருடையவை. முசிறித் துறைமுகத்தில் இறங்கிய பணம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே வந்தது. காங்கேயம் பக்கத்துப் படியூரில் தோண்டிய கடல்நீல நிறக் கல்லுக்கும், மேற்குத் தொடர்ச்சி மலை மிளகுக்கும் ரோமில் அவ்வளவு கிராக்கி. இந்தியா ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிவிடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார். விற்றவன் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் புலம்பல் காதுக்கு இனிமைதான்.

மதுரைக்கும் அகஸ்டஸுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததா? அவர் காலத்திலேயே வாழ்ந்த புவியியலாளர் ஸ்டிராபோ, இந்திய மன்னன் ஒருவன் அவருக்குத் தூதும் பரிசும் அனுப்பியதைக் குறிப்பிடுகிறார். ஆனால் மன்னன் பாண்டியன் என்றும், இல்லை போரஸ் என்றும் இரண்டு பெயரையும் எழுதிவைத்துவிட்டார். பாண்டியன்தான் என்று அடித்துச் சொல்ல மதுரைக்காரர்களுக்கு ஆசை இருக்கும், எனக்கும் உண்டு.

வயதை மறைக்காத ஒருவரும் இருந்தார், நீரோ. கி.பி. 54இல் பதினாறு வயதில் அரியணை ஏறினார். அவருடைய முதல் காசுகளில் இருப்பது அசல் பையன். ஆண்டுகள் போகப் போகக் கழுத்து தடிக்கிறது, தாடை தொங்குகிறது, அதையும் அப்படியே பொறிக்கவிட்டார். முகத்தில் நேர்மை காட்டியவர் வெள்ளியில் கைவைத்தார். ஒரு ராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்றிருந்ததை கி.பி. 64இல் 96 ஆக்கினார். செம்பையும் கூடுதலாகக் கலந்தார். நம் வியாபாரிகள் உரைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள். அதற்குப் பிறகு அடித்த வெள்ளிக் காசு நம் பக்கத்துப் புதையல்களில் அரிது. தங்கம் மட்டும் தொடர்ந்து வந்தது. 1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 தங்கக் காசுகளில் நீரோவும் இருக்கிறார். அந்தக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. எடைக்கு மட்டும்தான் மதிப்பு, முகத்துக்கு இல்லை என்று யாரோ தீர்மானித்ததுபோல் இருக்கிறது.

முகம் பொறிக்கும் பழக்கம் சேரருக்குப் பிடித்துப்போனது. மாக்கோதை என்று தமிழ் பிராமியில் எழுதிய வெள்ளிக் காசில் ரோமானிய பாணியில் ஒரு தலை இருக்கிறது. பாண்டியர் அந்தப் பக்கம் போகவில்லை. பெருவழுதி காசில் குதிரை நிற்கிறது, மறுபக்கம் மீன் சின்னம். அரசன் முகத்தைக் காணோம்.

சரி, மதுரைக்கு என்ன வந்தது? செம்பு. வைகை மணலைச் சல்லடையில் அரித்தவர்கள் கையில் சிக்கியவை பெரும்பாலும் நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள். பல ஒன்றிரண்டு கிராம்தான், தேய்ந்து வழவழத்தவை. 1904இல் இவற்றைப் பற்றி எழுதிய ராபர்ட் சூவல், மதுரையில் ரோமானியர் குடியிருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். சில்லறைக் காசை எவன் கடல் கடந்து சரக்கு வாங்கக் கொண்டுவருவான் என்பது அவர் வாதம். இலங்கையிலும் இதே காசுகள் ஏராளமாகக் கிடைத்திருப்பதால், உள்ளூர்ச் சந்தையிலேயே சில்லறையாகப் புழங்கியவை என்று கொள்வது எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரைச் செப்புக் காசுகளுக்கென்றே 1994இல் தனி நூல் எழுதினார்.

இந்தச் செம்பில்தான் உண்மையான சிறுவர்கள் இருக்கிறார்கள். வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே, அழகன்குளம் அகழாய்வில் இரண்டாம் வாலண்டினியன் காசு கிடைத்தது. அவரைப் பேரரசர் என்று அறிவித்தபோது வயது நாலு. ஆர்க்கேடியஸ் ஐந்தாறு வயதில் அப்பாவுக்கு இணையான பட்டம் பெற்றவர். அவர் தம்பி ஹொனோரியஸ் மேற்குப் பேரரசைக் கையில் வாங்கியபோது பத்து வயது. ஆனால் காசைப் பாருங்கள். மூவருக்கும் முத்துக் கோத்த தலைப்பட்டை, மூவருக்கும் வளர்ந்த ஆளின் முகம். ஒரே அச்சுதானோ என்று சந்தேகம் வரும். கிழவரை இளைஞராக்கிய அதே தொழில், பால்மணம் மாறாத பிள்ளையைப் பெரியவனாக்கிவிட்டது. குழந்தை ஆள்கிறான் என்று எல்லைக்கு அப்பால் இருக்கும் எதிரிக்குத் தெரியலாமா?

ஒரு காசில் உண்மை கசிந்துவிட்டது. கி.பி. 406க்கும் 408க்கும் இடையில் அடித்த செப்புக் காசு, இலங்கையிலும் நம் பக்கமும் கிடைப்பது. பின்புறம் மூன்று பேரரசர்கள் ஈட்டியோடு நிற்கிறார்கள். நடுவில் இருப்பவர் மட்டும் குட்டை. அவர்தான் ஆர்க்கேடியஸின் மகன் இரண்டாம் தியோடோசியஸ். கைக்குழந்தையாக முடிசூட்டப்பட்டவர், அப்போது ஐந்தாறு வயது. மூன்றுபேர் நடுவே நிறுத்தும்போது உயரத்தை மறைக்க முடியவில்லை.

முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது என்பதால் ஓரத்தில் உள்ள எழுத்துதான் ஆதாரம். அதனால் ஒரு வேண்டுகோள். கிணறு வெட்டும்போதோ மணலிலோ பழங்காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், பெயர் போய்விடும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் இன்றும் நடப்பில்தான் இருக்கிறது.