விருந்தும் பந்தியும்



'விருந்து' என்றவுடன் வாழையிலையும் வடையும் பாயசமும் நினைவுக்கு வருகின்றன. பழந்தமிழில் அச்சொல்லின் பொருள் புதுமை. புதிதாய் வந்தவன் விருந்து; அவனுக்கு இட்ட உணவு அதன் பின்னரே அப்பெயரைப் பெற்றது. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளுள் ஒன்றை 'விருந்து' எனச் சொல்கின்றது. புதுவதாகப் புனையப்படும் யாப்பின் பெயர் அது. கவிதை எழுதுவோர் நிறைந்த அவையில் இதனைச் சற்று அழுத்திச் சொல்லலாம். வாசலில் நிற்கும் அயலானுக்கும் ஏட்டில் புதிதாய் எழுந்த பாட்டுக்கும் தமிழ் ஒரே பெயரை வைத்தது.

இல்வாழ்வான் ஓம்ப வேண்டியோரைத் திருக்குறள் எண்ணும்போது விருந்தையும் ஒக்கலையும் தனித்தனியே எண்ணுகின்றது. சுற்றத்தார் ஒக்கல், முன்பின் அறியாதவர் விருந்து. இக்கணக்கில் பார்த்தால் இன்றைய திருமண மண்டபங்களில் நடைபெறுவதில் பெரும்பகுதி ஒக்கலுக்கு இடும் சோறேயன்றி விருந்தன்று. இருபது வகைக் கறிகள் இருப்பினும் அதுவே உண்மை.

தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலை செங்கல்பட்டு, மதுராந்தகம் கடந்து திண்டிவனத்தை அடைகின்றது. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலே ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையின் ஆசிரியர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். இவ்வட்டாரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருப்பது இடைக்கழி நாடு. ஆகவே அப்பாட்டைத் தாம்பரத்தார் தம் அண்டை ஊர்ப் பாட்டாகவே படிக்கலாம்.

பரிசில் பெற்று வரும் பாணன் எதிர்ப்படும் வறிய பாணனுக்கு வழி சொல்வதே அப்பாட்டு. வழி சொல்லும்போதே எங்கே என்ன உணவு கிடைக்கும் என்பதையும் சொல்லிச் செல்கின்றான். எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் தேறலும் சுட்ட குழல்மீனும். வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உழவர் மகளிர் தரும் வெண்சோறும் நண்டுக் கலவையும். நெய்தல், முல்லை, மருதம் என்று நிலம் மாற மாறச் சோற்றின் நிறமும் மணமும் மாறுகின்றன. மாறாதது ஒன்றே. வந்தவன் பாணன் என்பதால் எந்த வாசலும் அடைபடவில்லை. இறுதியில் நல்லியக்கோடன் பொற்கலத்தில் உணவிட்டுத் தானே நின்று ஊட்டுகின்றான். தொண்டை நாட்டு வழியைக் கூறும் பெரும்பாணாற்றுப்படையிலும் இதே நிலைதான். இறைச்சி உண்ணும் பாணனுக்கு அந்தணர் இல்லத்தில் வெண்ணெயில் வேகவைத்த மாதுளங்காயும், மிளகும் கறிவேப்பிலையும், மாவடு ஊறுகாயும் கிடைக்கின்றன.

ஆனால் சிறுபாணாற்றுப்படையின் மறக்கவொண்ணாத உணவு அரண்மனையில் இல்லை. பாணனின் பழைய அடுக்களையில் இருக்கின்றது. குட்டி ஈன்ற நாய் பால் சுரக்க இயலாமல் குரைக்கின்றது. சுவரில் காளான் பூத்திருக்கின்றது. பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கின்றாள். அறியாதார் கண்டு நகைப்பரே என நாணிக் கதவை அடைத்து, சுற்றத்தோடு ஒன்றாக இருந்து உண்கின்றாள். உலக இலக்கியத்தில் வறுமையின் உணவைப் பாடியோர் பலர் உளர். கதவடைத்த அந்த வீட்டுக்குள்ளும் 'ஒன்றாக' என்ற சொல்லை விடாமல் வைத்த புலவர் அரியர்.

இனி, ஊர்விட்டு ஊர் போகும் உணவைப் பற்றிச் சில. புதிய பண்டத்தை ஏற்பதில் தமிழர் சமையல் என்றும் தயங்கியதில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியே வந்தது. மிளகைப் போல் உறைத்த காய் என்பதால் மிளகாய் என்று பெயரிட்டுத் தமிழர் அதனைத் தம் வீட்டுப் பிள்ளையாக்கிக் கொண்டனர். தக்காளியும் உருளைக்கிழங்கும் அவ்வாறே வந்தவை. இப்புறநகரில் பரங்கிமலை உண்டு. பொங்கற் கூட்டில் பரங்கிக்காய் உண்டு. பரங்கியர் கொணர்ந்த காய் பரங்கிக்காய். 1523இல் அவர்கள் கோயில் எழுப்பிய மலை பரங்கிமலை. மலையின் பெயர் பிருங்கி முனிவரால் வந்தது என்பாரும் உளர். வழக்கு தீரவில்லை, கூட்டு மட்டும் ஆறிவிடுகின்றது! இந்த வரவுகளை மறவாத அடுக்களை ஒன்று உண்டு. அது திவசச் சமையல். அங்கு மிளகாய்க்கு இடமில்லை, மிளகே காரம். உருளைக்கிழங்கும் தக்காளியும் ஒதுக்கப்படும். முன்னோர் அறியாத பண்டத்தை முன்னோருக்கு எப்படிப் படைப்பது?

சென்றவையும் உண்டு. மிளகுத்தண்ணீர் என்னும் தமிழ்ச்சொல்லை ஆங்கிலேயர் 'மல்லிகடானி' ஆக்கி, இறைச்சி சேர்த்துச் சூப்பாக்கித் தம் நாட்டுச் சமையல் நூல்களில் ஏற்றினர். பரங்கிமலை, பல்லாவரம் பாளையப் பகுதிகளில் வாழும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் தேங்காய்ப்பாலில் வெந்த மஞ்சள் சோறும் கோளா உருண்டையை ஒத்த 'பால் கறி'யும் விடுமுறை நாள் உணவு. இவ்விரு ஊர் அடுக்களைகள் ஒரே மதிலின் இருபுறமும் பல தலைமுறைகளாக மணந்து வருகின்றன.

பர்மாவில் 1962இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த சில ஆண்டுகளில் கடைகள் அரசுடைமையாயின. தமிழர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். நகையும் பணமும் கொணர வழியில்லை. கைப்பழக்கத்தை யாரும் பறிக்க இயலவில்லை. அவர்கள் கொணர்ந்தவை அத்தோவும் மொய்ங்காவும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர் ஆகியவற்றைக் கையால் பிசைந்து தருவது அத்தோ. கையால் பிசைந்தது என்பதே அப்பர்மியச் சொல்லின் பொருள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். பாரிமுனையில் தொடங்கிய அந்த வண்டிகள் இன்று புறநகர்க் கடைவீதிகளிலும் நிற்கின்றன. அகதியாய் வந்தவரின் உணவு அரை நூற்றாண்டுக்குள் சென்னை உணவாயிற்று.

பண்டம் இவ்வளவு எளிதாக உள்ளே வந்தது. மனிதன் பந்திக்குள் வருவது அவ்வளவு எளிதாக இல்லை.

பந்தி என்பது வடமொழிப் 'பங்க்தி', அதாவது வரிசை. வரிசை என்றாலே யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி எழும். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி இடப்பட்டதால் 1924, 1925ஆம் ஆண்டுகளில் எழுந்த பூசல் தமிழ்நாட்டு அரசியலையே திசை திருப்பியது. விடுதலைக்காக உயிரையும் தரத் துணிந்தோர் ஓர் இலையை நகர்த்த இயலாமல் நின்றனர். இவ்வூரோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. ஒரே பெட்டியில் எல்லோரும் நெருக்கியடித்து அமர்ந்தனர். ஆயினும் தென்னகத்து இரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு ஓரிடம் என்ற பிரிவு நீங்க 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மின்சாரம் பத்தாண்டு முந்திக்கொண்டது.

அதே 'பங்க்தி' என்னும் சொல் பஞ்சாபில் 'பங்கத்' ஆயிற்று. சீக்கியரின் மூன்றாம் குருவான அமர்தாஸ் பதினாறாம் நூற்றாண்டில், தம்மைக் காண வருவோர் முதலில் பங்கத்தில் அமர்ந்து உண்ண வேண்டும் என்றார். ஒரே சொல் ஓரிடத்தில் பிரிக்கும் கோடாகவும் பிறிதோரிடத்தில் சேர்க்கும் பாயாகவும் நின்றமை கவிஞர்கள் எண்ணத்தக்கது. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் காக்கப்படுகின்றது. அங்கே பசித்தவன் என்பதற்கு மேல் தகுதி கேட்கப்படுவதில்லை.

காயல்பட்டினத்து முஸ்லிம்களின் திருமண விருந்தில் பந்தியே வேறு வடிவம் கொள்கின்றது. சஹன் எனப்படும் பெருந்தட்டில் நெய்ச்சோறும் களரிக்கறியும் நிரப்பி, மூவர் நால்வர் சூழ்ந்தமர்ந்து ஒரே தட்டில் உண்கின்றனர். எத்தியோப்பியாவில் 'டெஃப்' என்னும் சிறுதானியத்தைப் புளிக்கவைத்துச் சுட்ட 'இஞ்சிரா' என்னும் அகன்ற அப்பமே உணவும் தட்டும் ஆகும். அதில் கறியை வைத்துச் சுருட்டி அருகிருப்பவரின் வாயில் ஊட்டுவதற்கு 'குர்ஷா' என்று பெயர். நண்பனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'கம்பேனியன்', இலத்தீன் மூலத்தில் உடன் ரொட்டி உண்பவன் என்னும் பொருளது. நட்பின் இலக்கணத்தை உணவின் வழியே சொன்னவர்கள் பலர். எச்சில் என்னும் தடையை எந்த இடத்தில் எடுத்து வைப்பது என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு.

தமிழர் இலைக்கும் ஒழுங்கு உண்டு. நுனி உண்பவரின் இடப்பக்கம்; முதலில் உப்பு; மங்கல விருந்தானால் முடிவில் இலையைத் தன் பக்கமாக மடித்தல், இழவு வீட்டில் எதிர்ப்பக்கமாக மடித்தல். இவற்றை விரித்தெழுதிய கட்டுரைகள் பல. அந்த மடித்த இலையை எடுப்பவர் யார், அவர் எப்போது உண்டார் என்பதை எழுதியவை சில. மதுரையில் ஆயர் முதுமகள் மாதரி, அடைக்கலமாய் வந்தோர் சாவக நோன்பினர், பகலில் உண்பவர் என்பதை அறிந்து, அவர்களுக்கெனப் புதிய கலங்களையும் அரிசியும் காயும் பாலும் தருகின்றாள். கண்ணகி விரல் சிவக்கக் காயரிந்து, கண் சிவக்கச் சமைத்து, தரையில் நீர் தெளித்து, வாழைக்குருத்தில் கோவலனுக்குப் படைத்து, வெற்றிலையும் தருகின்றாள். அவள் எப்போது உண்டாள் என்பதை இளங்கோ சொல்லவில்லை. இன்றைக்கும் பல வீடுகளில் அவ்வினாவுக்கு விடை 'எல்லாரும் சாப்பிட்ட பிறகு' என்பதே.

பள்ளிக்கூடப் பந்தி பற்றியும் சொல்ல வேண்டும். காமராசர் காலத்தில் 1956இல் பரவிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை முதல் தேதி சத்துணவாக விரிந்தது; 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. எந்தச் சீர்திருத்தச் சொற்பொழிவும் செய்யாததை வரிசையாய் வைத்த அலுமினியத் தட்டுகள் செய்தன. ஆயினும் சமைப்பவர் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் என்பதற்காகத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது எனப் பெற்றோர் தடுத்த செய்திகள் 2018லும் 2023லும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தன. பிள்ளைகளுக்குப் பசி இருந்தது, சோறும் இருந்தது, இடையில் அடைத்தது ஒரு கதவு. உப்பில்லாக் கீரைக்காக நாணி அடைத்த கதவு அன்று அது.

தென்புறநகரில் வேறொரு கதவும் உண்டு. 'வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்' என்னும் பலகைகளை இவ்வட்டாரத்துத் தெருக்களில் எவரும் காணலாம். என்ன உண்பீர் என்று மாதரியும் அறிய விரும்பினாள். அதற்கேற்பக் கலங்களைக் கொடுப்பதற்காக. பலகையும் அதையேதான் அறிய விரும்புகின்றது.

இவ்வட்டாரத்துக்கு ஓர் ஆற்றுப்படை எழுத விரும்பும் கவிஞர் இங்கு இருப்பின், தாம்பரம் இரயில் நிலையத்து வாயிலில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கலாம். அந்நேரம் வேலை முடிந்து வரும் ஒடிசாக்காரரும், விடுதி மாணவரும், அலுவலகப் பையோடு கணக்கரும் ஒரே தள்ளுவண்டியைச் சுற்றி நிற்கின்றனர். உட்கார இடமில்லாததால் அங்கே பந்தி இல்லை. 'கையேந்தி பவன்' என்று ஊர் அதற்கு வேடிக்கைப் பெயர் வைத்திருக்கின்றது. வண்டிக்காரர் தட்டின் மேல் இலைத்துண்டை வைத்து, இட்டிலியை இட்டு, சட்னியை ஊற்றி, முகத்தைப் பார்க்காமல் நீட்டுகின்றார். "காரம் போதுமா?" என்று மட்டும் கேட்கின்றார்.