பத்தமடைப் பாய் கற்பிக்கும் வணிகக் கணக்கு

 

நம் குடும்பங்களில் உழவர் உண்டு; வணிகர் உண்டு; பொறியியல் கற்ற இளைஞரும் இன்று பலர். இவர்கள் அனைவருக்கும் பயன்படும் ஒரு கருத்தைச் சொல்ல விழைகிறேன். ஒரு பொருளின் அடக்கவிலையில் பெரும்பகுதி, அதைச் செய்யத் தொடங்குமுன்பே, அதன் வடிவத்தை முடிவு செய்யும்போதே தீர்மானமாகிவிடுகிறது. இதற்குச் சான்று தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது. அதுவே புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாய்.

கோரையை அறுத்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, மெல்லிய இழைகளாகக் கிழிக்கின்றனர். பின்னர்த் தறியில் பருத்தி அல்லது பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, கோரையை ஊடையாக ஒவ்வொன்றாய்க் கையால் கோத்து நெய்கின்றனர்.

ஆறடிப் பாயின் நீளம் ஏறத்தாழ 1,830 மில்லிமீட்டர். கோரை இழையின் பருமன் 2 மில்லிமீட்டர் என்று கணக்கிற்காகக் கொள்வோம். 915 இழைகள் வேண்டும். பருமன் 1 மில்லிமீட்டரானால் 1,830 இழைகள். அரை மில்லிமீட்டரானால் 3,660. புல்லின் செலவு அவ்வளவாகக் கூடுவதில்லை. கோக்கும் உழைப்போ நான்கு மடங்காகிறது. "பாய் பட்டுத்துணிபோல் மடிய வேண்டும்" என்று நாம் கேட்கும் அந்த ஒரு சொல்லிலேயே நெய்பவரின் நாள்கள் கணக்கிடப்பட்டுவிடுகின்றன.

திருமணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்வது வழக்கம். அழகிய மரபுதான். ஆனால் பெயர் பதிந்த பாயைப் பிறருக்கு விற்க இயலாது. ஆகவே முன்கூட்டிச் செய்து இருப்பு வைக்க முடியாது. ஆணையிட்டவர் பின்வாங்கினால் முழு முதலும் முடங்கும். முன்பணம் பெறுவது அங்கே கண்டிப்பன்று. வடிவம் விதிக்கும் தேவை.

பாயை வெட்டிப் பை தைப்பதாகக் கொள்வோம். நெய்த அகலம் 36 அங்குலம் எனில், 12 அங்குலத் துண்டுகள் மூன்று கிடைக்கும். 13 அங்குலம் வேண்டும் என்றால் இரண்டே கிடைக்கும். 10 அங்குலம் கழிவாகும். ஓர் அங்குல ஆசைக்கு மூன்றில் ஒரு பங்கு விளைச்சல் போகிறது. வரைபடத் தாளில் திருத்தியிருந்தால் செலவு ஏதுமில்லை.

அன்பர்களே, வடிவத்தை நிர்ணயிப்பவர் பெரும்பாலும் வணிகரும் வாங்குபவருமே. நுண்ணிய வேலைப்பாட்டைக் கேட்டுவிட்டு, பொருள் முடிந்தபின் பேரம் பேசினால், குறைவதற்கு அங்கே எஞ்சியிருப்பது தொழிலாளியின் கூலி ஒன்றே. அது சிக்கனம் ஆகாது. பிறர் உழைப்பைக் குறைத்துக் கொள்வதாகும். விலை குறைய வேண்டுமெனில், ஆணையிடுமுன் நெய்பவரோடு அமர்ந்து பேசுங்கள். பருமனை, அளவை, அழகுவேலையை மாற்றுங்கள். அவற்றை மாற்ற மனமில்லையெனில், உரிய விலையை மனமுவந்து கொடுங்கள்.