சுருக்குவோம், கைவிடோம்
(நூற்றாண்டு விழாவில் மூத்த பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மூத்த மாணவிகள் பேச எழுந்தால் பள்ளி நினைவுகளைத்தான் சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை எழுத இந்த மலரில் பலர் இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டிய நாங்கள் கூடும்போதெல்லாம் இரண்டே விடயங்கள் பேச்சில் அடிபடுகின்றன. ஒன்று முழங்கால். மற்றது பூச்சாடி. ஆகவே அந்த இரண்டையும் சேர்த்து, வயது போகப் போக வீட்டுத் தோட்டத்தை எப்படி வைத்திருப்பது என்பதைப் பற்றியே பேசப் போகிறோம்.

கொழும்பில் தோட்டம் எங்கே இருக்கிறது என்று இளையவர்கள் கேட்கலாம். வெள்ளவத்தை என்ற பெயரிலுள்ள 'வத்த' என்ற சிங்களச் சொல்லுக்குத் தோட்டம் என்றுதான் பொருள். கொட்டாஞ்சேனையின் பெயரிலே சேனை இருக்கிறது. இன்று அந்தத் தோட்டத்தில் தொடர்மாடிகளும் அந்தச் சேனையில் நெருக்கமான கடைவீடுகளும் முளைத்துவிட்டன. ஆனாலும் காலி வீதியின் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். பல்கனிக்குப் பல்கனி கறிவேப்பிலையும் துளசியும் தெரியும். கொட்டாஞ்சேனை முடுக்குகளில் வாசற்படி ஓரத்தில் ரம்பையும் வல்லாரையும் பழைய வாளிக்குள் வளரும். நாங்கள் தோட்டம் என்று சொல்வது இதைத்தான். பத்துச் சாடியும் தோட்டந்தான்.

இந்தப் பத்துச் சாடியைப் பற்றித்தான் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தொலைபேசியில் கண்டிக்கிறார்கள். "அம்மா, இனிப் போதும். உதெல்லாத்தையும் விட்டிட்டு இருங்கோ." அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு. மாதவிடாய் நின்ற பின் பெண்களின் எலும்பு விரைவாக வலுவிழக்கிறது. ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலருக்குப் பழைய நடை திரும்புவதில்லை. அதேவேளை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாற்காலியில் இருந்தாலும் கால் வலுவிழக்கும். வலுவிழந்த கால்தான் விழுத்தும். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக உடலை அசைக்க வேண்டும், வாரத்தில் 3 நாளாவது சமநிலையையும் தசை வலுவையும் பேணும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாளுக்கு 25 நிமிடமாக ஆறு நாள் தோட்டத்தில் நின்றால் 150 நிமிடம் ஆகிவிடும்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். தோட்டத்தைக் கைவிட வேண்டாம். சுருக்குங்கள். எந்த வேலையை முதலில் விடுவது, எதைக் கடைசிவரை வைத்திருப்பது என்று நாமே வரிசைப்படுத்துவோம்.

முதலில் விட வேண்டியது ஏறுவது. ஏணி, கதிரை, மதில், எதிலும் ஏற வேண்டாம். அடுத்தது தூக்குவது. 10 லீற்றர் தண்ணீர் 10 கிலோ. நனைந்த மண் நிறைந்த 12 அங்குலச் சாடி 20 கிலோவுக்கும் போகும். மூன்றாவது, குந்தியிருந்து செய்யும் வேலை. திருவலையில் இருந்து தேங்காய் திருவிய காலம் போய்விட்டது. முழங்கால் மறுக்கும்போது அதோடு வாதாட வேண்டாம். இம்மூன்றையும் விட்ட பிறகும் மிஞ்சுவது நிறைய: விதை போடுவது, கன்று பிரிப்பது, களை பிடுங்குவது, கீரை ஆய்வது, பூப் பறிப்பது, ஒரு சிறிய பூவாளியால் தண்ணீர் விடுவது. இவை எல்லாவற்றையும் இருந்துகொண்டோ நேராக நின்றுகொண்டோ செய்யலாம், சாடிகள் நிலத்தை விட்டு மேலே வந்தால். இரண்டரை அடி உயரத்தில் உறுதியான ஒரு வாங்கு போட்டு அதன்மேல் அடுக்குங்கள். மண்ணோடு பாதிக்குப் பாதி தும்புத்தூள் கலந்தால் பாரம் குறையும், ஈரமும் நிற்கும். சாடியின் அடியில் கல்லுப் போடாமல் தேங்காய்ப் பொச்சுத் துண்டுகளைப் போடுங்கள்.

இனிப் பருவத்துக்கு வருவோம். எங்களில் பலருடைய கை யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்துக்குப் பழகிய கை. அங்கே மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்து முடியும். கொழும்பில் ஆண்டுக்கு இரண்டு பெருமழை. வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருவது ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் இடியோடு பெய்வது மற்றது. இந்த இரண்டு மழையையும் வைத்துத்தான் எங்கள் வேலைகளைப் பங்கிட வேண்டும்.

பங்குனி சித்திரையில் வெயில் கொடூரம். ஏப்பிரல் முதல் இரு வாரங்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. வயது ஏற ஏறத் தாக உணர்வு குறையும். தாகம் எடுக்கவில்லை என்பதற்காக உடம்புக்குத் தண்ணீர் போதும் என்று நினைக்கக் கூடாது. செடிக்கு விடுமுன் நாம் ஒரு கோப்பை குடிப்போம். வேலை காலை எட்டு மணிக்குள் முடியட்டும். பின்னேரத்தில் வானம் இருண்டு இடி முழங்கினால் வெட்டவெளியிலும் மொட்டை மாடியிலும் நிற்க வேண்டாம். மஞ்சளும் இஞ்சியும் நடுவதற்கு இதுவே காலம். சித்திரையில் ஒரு துண்டு மஞ்சள் புதைத்தால் தைப்பொங்கல் பானையில் கட்ட இலையோடு மஞ்சள் கொத்து வீட்டிலேயே கிடைக்கும். 2019 இன் இறுதியில் மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி விலை ஏறியபோது, சாடியில் மஞ்சள் வைத்திருந்த வீடுகள் கடைக்கு ஓடவில்லை. மழைக்கு முன் முருங்கைக் கொப்புகளை வெட்டிவிட வேண்டும். முருங்கை இலேசில் முறியும் மரம். வெட்டுவதற்குக் கூலிக்கு ஆள் பிடியுங்கள். நாம் கீழே நின்று எந்தக் கொப்பு என்று காட்டினால் போதும்.

வைகாசியிலிருந்து ஆவணி வரை காற்றும் மழையும். கடலோர ஒழுங்கைகளில் உப்புக்காற்று இலையைக் கருக்கும். மென்மையான கன்றுகளைக் கடலுக்கு மறைவான பக்கத்துக்கு மாற்றுவித்து, மழையில்லாத நாளில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவி விடுங்கள். சீமெந்துத் தரையில் பாசி படரும் காலமும் இதுதான். செருப்பு வழுக்கும். வாரத்துக்கு ஒருமுறை தும்புத்தடியால் தேய்க்க ஒருவரை ஒழுங்கு செய்யாமல் மழைக்காலத்தில் பின்வளவுக்குப் போக வேண்டாம். ஈர மண்ணில் கை வைக்கும்போது கையுறை அவசியம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் சிறு கீறல் வழியாகப் போனாலே எலிக்காய்ச்சல் வரும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கால் குத்துவதுகூடத் தெரியாது. அவர்கள் மூடிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டே இறங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நுளம்பு. 2017 இல் இலங்கையில் 186,000 க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சாடிக்குக் கீழே வைக்கும் தட்டில் ஒரு வாரம் முதல் பத்து நாள் தண்ணீர் நின்றால் போதும், முட்டை நுளம்பாகிப் பறந்துவிடும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் உயிர் பெறும். தேய்த்துக் கழுவ வேண்டும். நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். குனிந்து தட்டுக் கழுவ முடியாத வயது வந்தால் தட்டையே எடுத்துவிடுங்கள். இதுவும் ஒரு சுருக்கல்.

புரட்டாதியில் மழைக்கு முன் ஒரு சிறிய இடைவெளி கிடைக்கும். வேர் நிறைந்த செடிகளைச் சாடி மாற்றவும் கூட்டெரு போடவும் அதுவே நேரம். பாரமான வேலை முழுவதும் இதற்குள்தான் வரும். நவராத்திரிக்குச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் வேண்டுமென்றால் பசளையை முன்கூட்டியே போட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மழை தண்ணீர் விடும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். நாம் உள்ளே இருந்து விதைகளைத் தெரிந்து உலர்த்திப் போத்தலில் போட்டுப் பெயர் எழுதலாம்.

மார்கழி தொடங்கி மாசி வரை கொழும்பின் இதமான காலம். முழங்காலுக்கும் நல்ல காலம். கத்தரி, மிளகாய், வெண்டி, கீரை என்று விருப்பமானதை இரண்டிரண்டு சாடி வைக்கலாம். தையிலும் மாசியிலும் மழை குறைவு, ஆகவே தண்ணீர் நாம்தான் விட வேண்டும். வாளியைத் தூக்காமல் குழாயில் ஒரு றப்பர் ஹோஸ் பூட்டுங்கள். பிரஷர் குளிசை குடிப்பவர்கள் குனிந்த நிலையிலிருந்து சட்டென்று எழும்பினால் தலைசுற்றும். எதையாவது பிடித்துக்கொண்டு பத்து எண்ணி எழும்புங்கள்.

கடல் கடந்த தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. லண்டனில் உள்ளூராட்சிச் சபைகளிடம் தோட்ட நிலம் வாடகைக்கு எடுத்திருப்பவர்களுக்கு ஒரு சுவையான கணக்குச் சொல்கிறோம். அங்கே முழுத் துண்டின் வழமையான அளவு 10 ரொட். ஒரு ரொட் என்பது கொழும்பில் காணி விற்கும் ஒரு பேர்ச்சுக்குச் சமன். 10 பேர்ச் யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்பு. ஆக, ஊரிலே அம்மா செய்த அதே ஒரு பரப்பைத்தான் நீங்கள் அங்கே கொத்திக்கொண்டிருக்கிறீர்கள்! அது எழுபத்தைந்து வயதில் ஒருவருக்கு அதிகம். பல சபைகள் பாதித் துண்டும் கொடுக்கின்றன. களை மண்டி முழுவதையும் பறிகொடுக்குமுன் பாதியைத் திருப்பிக் கொடுங்கள். ரொறன்ரோவில் மே மாத நடுப்பகுதி வரை உறைபனிப் பயம். விக்ரோறியா நாள் விடுமுறைக்குப் பிறகே கன்றை வெளியில் வைப்பார்கள். கறிவேப்பிலையை ஆண்டுக்கு இருமுறை உள்ளேயும் வெளியேயும் தூக்குவதில்தான் அங்கே முதுகு போகிறது. சாடிக்குச் சில்லுப் பலகை வாங்குங்கள். மெல்பேண் தோழிகளுக்கு நாங்கள் சொன்ன மாதங்கள் பொருந்தா. எங்கள் சித்திரை அங்கே இலையுதிர்காலம். ஆனால் முழங்கால் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

இனி, ஏன் இதை இவ்வளவு தூரம் வலியுறுத்துகிறோம் என்று சொல்ல வேண்டும். 1983 யூலையில் வெள்ளவத்தையில் வீட்டோடு வளவையும் இழந்தவர்கள் எங்களுள் இருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி கொட்டும் மழையில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களும் இருக்கிறார்கள். மாமரத்தையும் மல்லிகைப் பந்தலையும் ஒரே நாளில் விட்டு வந்தவர்கள் அவர்கள். பிறகு இங்கே ஒரு பல்கனியில் மறுபடி தொடங்கினார்கள். அன்று எவரும் எங்களைக் கேட்கவில்லை. இன்று இதைச் சுருக்குவதா விடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை எங்களிடம் இருக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்க, தனியே தொடர்மாடியில் இருக்கும் ஒருத்திக்குக் காலையில் எழும்புவதற்கு ஒரு காரணம் வேண்டும். "நான் தண்ணீர் விடாவிட்டால் இது வாடும்" என்பது அப்படியொரு காரணம்.

எங்கள் கைவேலை குறைந்தாலும் கையறிவு குறையவில்லை. 1970 களில் இறக்குமதி நின்றபோது மரவள்ளி நட்டவர்கள் நாங்கள். 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்து, வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். அப்போது ஒழுங்கையிலுள்ள இளம் பெண்கள், மிளகாய்க் கன்று ஏன் சுருள்கிறது, கீரைத்தண்டை எப்படி ஊன்றுவது என்று எங்கள் வாசலுக்கே வந்து கேட்டார்கள்.

எனவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். மூத்தவர்களுக்குப் பொன்னாடை போதும். ஆண்டில் இரண்டு காலைப்பொழுது தாருங்கள். சித்திரை மழைக்கு முன் ஒரு சனிக்கிழமை, புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை. இரண்டு தங்கைமார் ஒரு அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சாடி மாற்றி, கொப்பு வெட்டுவித்து, பாசி தேய்த்துவிட்டு வர வேண்டும். மூன்று மணித்தியால வேலை. கூலியாக ஒரு கறிவேப்பிலைக் கன்றும் அதை வளர்க்கும் முறையும் கிடைக்கும். தேநீரும் உண்டு. விருப்பமுள்ளவர்கள் இன்றே செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். வரவிருக்கும் புரட்டாதியிலேயே தொடங்கலாம்.