வீடு எங்கே? – வேலைக்காக இடம் மாறும் இளம் குடும்பங்களுக்கு

(ரொறன்ரோவில் பெற்றோரும் இளையோரும் கூடிய ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த மண்ணில் வந்திறங்கிய பிள்ளைகள் இன்று தாமே பெற்றோராகிவிட்டனர். ஒருவருக்கு மார்க்கத்தில் வேலை கிடைக்கின்றது, இன்னொருவருக்கு மிசிசாகாவில். மொன்றியலிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் கைக்குழந்தைகளோடு ரொறன்ரோ நோக்கி வருவோரும் உளர். இவர்கள் எல்லோரும் உறவினரிடமும் நண்பரிடமும் வினவுவது ஒன்றே: "எங்கே வீடு பார்க்கலாம்?"

இந்தக் கேள்விக்கு நாம் வழமையாக அளிக்கும் விடை, எத்தனை அறை, என்ன விலை, விலை ஏறுமா என்பதோடு முடிந்துவிடுகின்றது. இவை வேண்டாதவை என்று நான் கூறவில்லை. ஆயினும் இவற்றுக்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு சாதாரண புதன்கிழமையன்று, காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் எங்கள் குடும்பத்தில் யார் எங்கே இருப்பார்கள்? இக்கேள்விக்கு நல்ல விடை தரும் வீடே நல்ல வீடு என்பதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

எமது முன்னோடிகள் எவ்வாறு இடம் தெரிந்தார்கள் என்பதை முதலில் நினைவுகூர்வோம். 1983 யூலை இனவன்முறையின் பின்னரே எம்மவர் பெருந்தொகையாகக் கனடாவுக்கு வரத் தொடங்கினர். 1986 ஆகஸ்ட் மாதத்தில் நியூபவுண்லாந்துக் கரையை அண்டிய கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர்கள் மீட்கப்பட்ட செய்தியை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்தில் ரொறன்ரோவுக்கு வந்தோரில் பலர் வெலஸ்லி வீதியும் பார்லிமென்ட் வீதியும் சந்திக்கும் பகுதியில், சென் ஜேம்ஸ் ரவுன் தொடர்மாடிகளில் குடியேறினர். கையில் மகிழுந்து இல்லை. ஆங்கிலம் போதாது. இரவு வேலை. ஆகவே சுரங்கத் தொடருந்து நடை தூரத்தில் இருக்கவேண்டும். கடை கீழே இருக்கவேண்டும். கடிதத்தை வாசித்துப் பொருள் கூற அடுத்த கதவில் ஒருவர் இருக்கவேண்டும். இந்த மூன்றும் அங்கே கிடைத்தன.

பின்னர் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தபோது இடம் போதவில்லை. ஸ்காபரோவில் வாடகை குறைவாகவும் அறைகள் பெரியனவாகவும் இருந்தன. எக்ளிங்ரன், லோறன்ஸ், எல்ஸ்மியர், மார்க்கம் வீதி என்று பேருந்துத் தடங்களை ஒட்டியே எமது குடியிருப்பு வளர்ந்தது. கடைகளும் கோவில்களும் தமிழ் வகுப்புகளும் அந்தத் தடங்களிலேயே தோன்றின. அவர்கள் வறுமையினால் அவ்விடங்களைத் தெரிந்தார்கள் என்று இன்று சிலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை மட்டுமே. வேலை, பாடசாலை, உறவு ஆகிய மூன்றையும் ஒரே பேருந்துத் தடத்தில் கோத்துக்கொண்ட விவேகம் அதில் இருந்தது.

அடுத்த கட்டம் நாம் அறிந்ததே. மார்க்கம், பிக்கறிங், ஏஜாக்ஸ், விற்பி, பிராம்ப்டன், மிசிசாகா என்று எம்மவர் பரந்தனர். 2011 இல் ராதிகா சிற்சபைஈசன் கனடிய நாடாளுமன்றத்தின் முதலாவது தமிழ் உறுப்பினராக ஸ்காபரோ–ரூச் ரிவர் தொகுதியிலிருந்து தெரிவானார். 2025 இல் யுவனிதா நாதன் தெரிவானது பிக்கறிங்–புறூக்ளின் தொகுதியிலிருந்து. இந்தப் பதினான்கு ஆண்டுகளில் எமது மக்கள் எத்திசை நோக்கி நகர்ந்துள்ளனர் என்பதை இவ்விரு தொகுதிகளின் பெயர்களும் காட்டுகின்றன.

இந்தப் பரம்பல் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. எமது பெற்றோரில் எத்தனையோ பேர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கிணறும் முற்றமும் உள்ள வீடுகளை விட்டு ஓடியவர்கள். ஒரு முறையன்று, பல முறை இடம்பெயர்ந்தவர்கள். அவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும், எவராலும் எழுப்ப முடியாத ஒரு வீடு வேண்டும் என்ற தாகம் இருப்பது இயல்பு. அந்தத் தாகத்தை மதிக்கவேண்டும். ஆனால் அதுவே அகலக் கால் வைக்கத் தூண்டும்போது எதைக் கொடுத்து எதை வாங்குகின்றோம் என்பதைக் கணக்கிட்டும் பார்க்கவேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். வேலைக்குச் செல்ல ஒன்றேகால் மணி, திரும்ப ஒன்றேகால் மணி என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு இரண்டரை மணி. வாரத்துக்கு ஐந்து நாள், ஆண்டுக்கு 48 வாரம். மொத்தம் 600 மணித்தியாலங்கள். அதே வேலைக்கு அரை மணி நேரத்தில் செல்லக்கூடிய இடத்தில் குடியிருந்தால் 240 மணித்தியாலங்கள். வேறுபாடு 360. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு இரண்டரை மணி நேரம், ஆண்டுக்கு 40 வாரம் என்றால் பிள்ளை அங்கே பெறுவது 100 மணித்தியாலங்கள். அதனிலும் மூன்றரை மடங்குக்கு மேற்பட்ட நேரத்தைத் தந்தையோ தாயோ தெருவில் செலவிடுகின்றார். பிள்ளை தமிழ் பேசுவதில்லையே என்று வருந்துகின்றோம். அதனோடு தமிழில் பேச வேண்டியவர் அந்நேரம் 401 நெடுஞ்சாலையில் நிற்கின்றார்!

எனவே இடம் தெரியும்போது கவனிக்கவேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கூறுகின்றேன்.

முதலாவது, பயணம். இருவரும் வேலை செய்யும் குடும்பமாயின் ஒருவரின் வேலையிடத்தை மட்டும் வைத்து வீடு பார்க்கலாகாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பராமரிப்பு நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் இருவரில் ஒருவராவது விரைவில் சென்றடையக்கூடிய இடமாக இருக்கவேண்டும். முன்னர் ஸ்டீல்ஸ் வீதியைப் பேருந்தில் கடந்தால் இரண்டாவது கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2024 பெப்ரவரி 26 முதல் ரீரீசிக்கும் யோர்க், டூரம், பிராம்ப்டன், மிசிசாகா பேருந்துகளுக்கும் கோ தொடருந்துக்கும் இடையே மாறிப் பயணிப்போர் இருமுறை கட்டணம் செலுத்தும் நிலை நீங்கியது. ஆகவே ஏஜாக்ஸ், பிக்கறிங், மார்க்கம் போன்ற இடங்களில் கோ நிலையத்துக்கு அண்மையில் வசிப்பது முன்னரிலும் பயன் தரும். ஆனால் வரப்போகின்ற தடத்தை நம்பி வீடு வாங்காதீர்கள். 1985 இல் தொடங்கிய ஸ்காபரோ இலகு தொடருந்து 2023 யூலை 24 அன்று தடம்புரண்டதோடு நிரந்தரமாக நின்றுபோனது. அதற்கு ஈடாக அமைக்கப்படும் சுரங்கத் தடத்தின் வேலைகள் முடியும்வரை மக்கள் பேருந்தையே நம்பியிருக்கின்றனர். இன்று ஓடுவது எதுவோ அதையே கணக்கில் எடுங்கள்.

இரண்டாவது, பிள்ளை. ஒன்ராறியோவில் நான்கு வயது நிறையும் ஆண்டிலேயே முழுநாள் பாலர் வகுப்பில் சேர்க்கலாம். அதற்கு முன்னரான ஆண்டுகளே கடினமானவை. அரச திட்டத்தில் இணைந்த பராமரிப்பு நிலையங்களில், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான நாட்கட்டணம் 2025 சனவரி முதல் 22 டொலருக்கு மேற்படாதவாறு வரையறுக்கப்பட்டது. எல்லா நிலையங்களும் இதில் இணைந்தவை அல்ல. இணைந்தவற்றில் இடம் கிடைப்பதும் எளிதன்று. வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னரே காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

பாடசாலை பெரும்பாலும் உங்கள் முகவரியினால் தீர்மானிக்கப்படுகின்றது. தெருவின் இப்பக்கம் ஒரு பாடசாலை, அப்பக்கம் வேறொரு பாடசாலை என்பதும் உண்டு. வீட்டு முகவர் சொல்வதை மட்டும் கேளாமல், கல்விச்சபையிடமே முகவரியைக் கூறி உறுதிப்படுத்துங்கள். புதிய குடியிருப்புகளில் பாடசாலை கட்டி முடியும்வரை பிள்ளைகள் தொலைவிலுள்ள வேறொரு பாடசாலைக்குப் பேருந்தில் அனுப்பப்படுவதும் வழமையே. பாடசாலைத் தரவரிசைகளையும் அளவோடு நம்புங்கள். மூன்றாம், ஆறாம் வகுப்புகளில் நடைபெறும் மாகாணத் தேர்வின் புள்ளிகளே அவற்றுக்கு அடிப்படை. அதிபர் எப்படிப்பட்டவர், பிள்ளை நடந்து செல்லலாமா, தாய்மொழி வகுப்பு உண்டா என்பவற்றை அந்தப் புள்ளிகள் சொல்லமாட்டா.

மூன்றாவது, முதியோர். இதனை நாம் அதிகம் பேசுவதில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்காக அம்மம்மாவையும் அப்பப்பாவையும் உடன் அழைத்துச் செல்கின்றோம். ஸ்காபரோவில் அவர்கள் தாமாகவே பேருந்து ஏறினார்கள், கடைக்குச் சென்றார்கள், கோவிலுக்குச் சென்றார்கள், நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் எடுத்தார்கள். புதிய புறநகரின் பெரிய வீட்டில், நடைபாதையில் ஆள் நடமாட்டமற்ற குளிர்காலத்தில், மகன் வேலையால் வரும்வரை அவர்கள் சன்னலோரம் அமர்ந்திருக்கின்றார்கள். எமது பிள்ளைகளின் தமிழுக்கு அவர்களே முதல் ஆசிரியர்கள். அவர்களைச் சிறைப்படுத்தும் வீடு எத்தனை அறைகளைக் கொண்டிருந்தாலும் அது குடும்பத்துக்கான வீடு ஆகாது. வீடு பார்க்கச் செல்லும்போது அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பேருந்துத் தரிப்பிடம்வரை அவர்களோடு நடந்து பாருங்கள்.

நான்காவது, பணம். புதிதாக ஓரிடத்துக்கு வருவோர் முதல் ஓராண்டு வாடகைக்கு இருப்பதே நன்று என்பது எனது உறுதியான எண்ணம். அந்த ஓராண்டில் ஒரு குளிர்காலமும் ஒரு பாடசாலை ஆண்டும் அடங்கும். வாடகைக்கு இருப்போர் இரண்டு சட்டங்களை அறிந்திருக்கவேண்டும். ஒன்று, முற்பணமாகக் கடைசி மாத வாடகையைக் கேட்கலாமே தவிர, சேதங்களுக்கென்று வேறு வைப்புப் பணம் கேட்க ஒன்ராறியோவில் இடமில்லை. மற்றது, 2018 நவம்பர் 15 இற்குப் பின்னர் முதன்முதலாகக் குடியிருப்புக்கு விடப்பட்ட வீடுகளுக்கு மாகாணத்தின் வருடாந்த வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. புதிய அடுக்குமாடியின் பளபளப்பைக் கண்டு நுழைவோர் அடுத்த ஆண்டு வாடகை எவ்வளவு ஏறும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

வாங்குவதாயின், ரொறன்ரோ எல்லைக்குள் மாகாணத்தின் காணி உரிமை மாற்ற வரியோடு மாநகரின் வரியும் சேரும். 8 இலட்சம் டொலர் பெறுமதியான வீட்டுக்கு ஒவ்வொன்றும் 12,475 டொலர். முதன்முறையாக வாங்குவோருக்கு மாகாணம் 4,000 டொலர்வரையும் மாநகரம் 4,475 டொலர்வரையும் கழிவு தருகின்றன. இதன்படி, முதல் வீடு வாங்குவோர் ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே வடக்கைவிட 8,000 டொலர் கூடுதலாகச் செலுத்த நேரும். இத்தொகையைக் கண்டு அஞ்சி வடக்கே செல்வோர், அங்கே இரண்டாவது மகிழுந்து வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வரி ஒருமுறை செலுத்துவது. மகிழுந்தின் தவணையும் காப்புறுதியும் எரிபொருளும் மாதந்தோறும் வருவன. காப்புறுதிக் கட்டணம் அஞ்சல் குறியீட்டுக்கு ஏற்ப மாறும் என்பதால் முகவரியைக் கொடுத்து முன்கூட்டியே விசாரியுங்கள்.

ஐந்தாவது, அயல். "தமிழர்கள் நிறைந்த இடம் வேண்டாம்" என்று சிலரும், "தமிழர் இல்லாத இடத்துக்குப் போகவே மாட்டேன்" என்று சிலரும் கூறுகின்றனர். முன்னதில் பெரும்பாலும் வெட்கம் ஒளிந்திருக்கின்றது, பின்னதில் பயம். ஸ்காபரோ என்றாலே குற்றச்செயல் என்று ஊடகங்கள் எழுதிய காலம் ஒன்று இருந்தது. அதே ஸ்காபரோவில் வளர்ந்த எம் பிள்ளைகள் இன்று மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் தொழில்முனைவோராகவும் விளங்குகின்றனர். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்கத் தேவையான 30 இலட்சம் டொலரை எமது மக்களும் தமிழ் ஆர்வலர்களும் 2021 இல் திரட்டி முடித்ததும் நீங்கள் அறிந்ததே. ஓரிடத்தின் பெயர் அங்கு வாழ்வோரின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. அவசரத்துக்குப் பிள்ளையை ஒரு மணி நேரம் ஒப்படைக்கக்கூடிய ஒரு வீடாவது அயலில் இருக்குமா என்பதே கேட்கவேண்டியது. அந்த வீட்டார் எந்த மொழி பேசினாலும் நல்லவர்களே. தமிழும் பேசினால் இன்னும் நன்று.

இளையோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பெற்றோர் இடம் மாற முடிவெடுக்கும்போது வாய்மூடி இருந்துவிட்டுப் பின்னர் அறைக்குள் அடைந்துகொள்ளாதீர்கள். உங்கள் பாடசாலை, நண்பர்கள், பகுதிநேர வேலை ஆகியவையும் குடும்பத்தின் கணக்கில் சேரவேண்டியவை. பெற்றோர்களே, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைக் கேளாமல் வீட்டை முடிவு செய்யாதீர்கள்.

வீடு ஒன்றை மனதுக்குள் தெரிந்துவிட்டீர்களாயின், கையெழுத்திடும் முன்னர் இதனைச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் அல்ல, ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நில்லுங்கள். பாடசாலைவரை நடந்து பாருங்கள். அங்கிருந்து வேலைக்குச் செல்லுங்கள். மாலையில் அதே வழியால் திரும்பி வாருங்கள். வந்து சேரும்போது பிள்ளையோடு உணவருந்தவும் ஒரு கதை சொல்லவும் உங்களிடம் நேரமும் தெம்பும் எஞ்சியிருந்தால் அந்த வீட்டை எடுங்கள். எஞ்சவில்லையெனில் அறை ஒன்று குறைந்தாலும் அருகில் உள்ளதைத் தேடுங்கள்.

எமது பெற்றோர் இழந்த வீடுகளைப் பற்றி நமக்குச் சொன்ன கதைகளில் அறைகளின் எண்ணிக்கை வருவதில்லை. முற்றத்தில் யார் இருந்தார்கள், மாலையில் யார் வந்து போனார்கள் என்பதே வரும். நாளை எமது பிள்ளைகளும் இந்த நாட்டின் வீட்டைப் பற்றி அவ்வாறு சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.