களரியும் ஒலிபெருக்கியும்

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவைக் கடந்து உள்நாட்டுப் பக்கமாகச் சென்றால், வயல் சூழ்ந்த கிளிவெட்டி என்னும் ஊரை அடையலாம். இத்தகைய கிழக்கிலங்கைச் சிற்றூர்களில் இரவு உறக்கத்திற்கு மட்டும் உரியதன்று. அறுவடை முடிந்து கோயில் விழாக்கள் தொடங்கினால், கூத்துக்குரிய காலமும் வந்துவிடும். மாலையிற் பாயுடன் புறப்படும் குடும்பங்கள் விடிந்த பின்னரே வீடு திரும்புவது பழைய வழக்கம்.

கூத்து ஆடும் இடத்தைக் களரி என்பர். அது வட்டமானது. நடுவில் அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் அவருக்குத் துணை நிற்பர். ஆடுவோர் அவர்களைச் சுற்றி ஆடுவர். ஊரவர் நாற்புறமும் அமர்ந்திருப்பர். ஆடுவோரை மட்டுமன்றி, எதிரே இருக்கும் அயலவரையும் அவர்கள் காண்பர். கூத்து ஊரைக் கூட்டும் வல்லமை இவ்வட்டத்திலேயே தங்கியுள்ளது.

இக்களரிக்குள் புதிய கருவிகள் ஒவ்வொன்றாகப் புகுந்தன. தீப்பந்தத்தின் இடத்திற்குப் பெற்றோமக்ஸ் விளக்கு வந்தது. ஆடுவோரின் முகபாவம் பின்னால் இருந்தோருக்கும் புலப்பட்டது. வட்டத்திற்கு அதனாற் குறையொன்றும் நேரவில்லை.

ஒலிபெருக்கியின் கதை வேறு. 1915ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல்நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜென்சன், பிரிதம் என்னும் இருவர் தாம் அமைத்த கருவியினால் பேச்சையும் இசையையும் பெருந்திரளான மக்கள் கேட்கச் செய்தனர். அக்கருவியின் வழித்தோன்றல்கள் பின்னர் நம் ஊர்க் கோயில் வீதிகளுக்கும் வந்தன. மெல்லிய குரலும் தொலைவிற் கேட்டது. அயலூராரும் கூத்து நடப்பதை அறிந்தனர். ஆனால், மைக் ஓரிடத்தில் நின்றபோது, ஆடுவோரும் அதன் முன் நிற்க நேர்ந்தது. ஆட்டம் தளர்ந்தது. ஒரு பக்கத்தார் முகத்தைக் கண்டனர். மறுபக்கத்தார் முதுகைக் கண்டனர்.

இது கருவியின் குற்றமன்று. அதனை வைத்த முறையின் குற்றமே. மைக்கைக் களரியின் மேலிருந்து தொங்கவிடலாம். கம்பியில்லாத சிறு மைக்கை ஆடையிற் பொருத்தலாம். அப்போது குரலும் கேட்கும், காலும் ஓயாது.

போர்க்காலத்தில் இரவிற் கூடுவதே அச்சத்திற்குரியதாயிற்று. 2006ஆம் ஆண்டு மூதூர்ப் பகுதியிற் போர் மூண்டபோது சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, 2015ஆம் ஆண்டு முதலே ஊர் திரும்பத் தொடங்கினர். வேறு பலர் கடல் கடந்து சென்றனர். இவ்வாறு சிதறிய சுற்றத்தாருக்குக் கைத்தொலைபேசி பெருந்துணையாகும். கனடாவில் இருப்பவரும் தம் ஊர்த் திருவிழாவை அது நடக்கும் வேளையிலேயே காண முடிகிறது.

ஆயினும், களரிக்கு நடந்துவரக்கூடியவரும் வீட்டுத் திண்ணையிலிருந்து தொலைபேசியிற் பார்ப்பாராயின், அண்ணாவியார் யாருக்காக மத்தளத்தை முழக்குவார்? கூத்து நடக்கும் நாளை அயலூர்களுக்கு அறிவிக்கவும், தொலைவில் உள்ளாருக்குக் காட்டவும் அக்கருவி பயன்படட்டும். அருகில் உள்ளோர் பாயுடன் புறப்பட்டுக் களரிக்கு வருவதே முறை. தொலைவிலிருந்து பார்ப்போரும் காண விரும்புவது, தம் ஊரவர் ஒன்றாய் அமர்ந்திருக்கும் அக்காட்சியையே அன்றோ?