கேட்கத் தயங்கும் கேள்வி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில், ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



தாதியாக வேலை செய்த அனுபவத்தைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். ஊசி, மருந்து, இரவு வேலை பற்றியெல்லாம் நீங்கள் அறிவீர்கள். ஆகவே, நோயாளர் எங்களிடம் கேட்கத் தயங்கும் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். எங்கள் காலத்தில் சுகாதாரப் பாடத்தில் அந்த அத்தியாயம் வந்தால் வகுப்பே தலையைக் குனிந்துகொள்ளும். இன்று நாம் பெரியவர்கள். நிமிர்ந்திருந்தே கேட்கலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். மார்பகப் புற்றுநோயால் ஒரு மார்பு அகற்றப்பட்ட பெண்ணொருவர் வாட்டில் இருந்தார். 35 வயதிருக்கும். காயத்துக்கு மருந்து கட்டும்போது மெல்லக் கேட்டார்: “மிஸ், ஒண்டு கேட்டா ஏசமாட்டீங்கதானே? இனி எங்கட அவர் என்னைப் பழையபடி பார்ப்பாரா?”

எனக்குக் கூச்சமாகிவிட்டது. “உயிர் தப்பினதே பெரிய காரியம். அதெல்லாம் யோசிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அதன்பிறகு வீட்டுக்குப் போகும்வரை அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. கணவர் பார்க்க வரும் நேரங்களில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வார். காயம் நன்றாக ஆறியது. ஆனால் நான் அவரைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்பது விளங்க எனக்குப் பல வருடங்கள் எடுத்தன.

பிற்காலத்தில் கலிஸ்டா ரோய் என்பவரின் கோட்பாட்டைப் படித்தேன். அவர் அமெரிக்கத் தாதி, அருட்சகோதரியும்கூட. 1970 இல் வெளிவந்த அந்தக் கோட்பாடு நோயாளரை நான்கு பக்கங்களிலிருந்து பார்க்கச் சொல்கிறது: உடலின் இயக்கம், தன்னைப் பற்றிய எண்ணம், குடும்பத்திலும் சமூகத்திலும் அவருக்குள்ள பொறுப்பு, மற்றவர்களோடு உள்ள உறவு. நாங்களோ காய்ச்சலையும் பிரஷரையும் எழுதி வைத்துவிட்டு மற்ற மூன்றையும் மறந்துவிடுகிறோம். கண்ணாடியைப் பார்க்கவே பயப்படும் ஒரு பெண்ணின் துன்பம் எந்த அட்டையிலும் பதிவாவதில்லை.

ஜாக் அனன் என்ற உளவியலாளர் 1976 இல் பாலியல் பிரச்சினைகளுக்கு உதவும் முறையொன்றை நான்கு படிகளாக வகுத்தார். முதலாவது படி அனுமதி. ‘இதை என்னிடம் தாராளமாகப் பேசலாம்’ என்று நோயாளருக்கு உணர்த்துவது. இரண்டாவது, தேவையான அளவு தகவல். மூன்றாவது, அவரவர் நிலைமைக்கேற்ற ஆலோசனை. கடைசியாக, நிபுணரின் சிகிச்சை. முதல் இரண்டு படிகளையும் ஒரு சாதாரண தாதி கட்டில் அருகிலேயே செய்யலாம்.

அதிலிருந்து நானே முதலில் பேசத் தொடங்கினேன். திரையை இழுத்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்து, “இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு கணவன் மனைவி உறவைப் பற்றிப் பலருக்கும் கேள்விகள் வரும். உங்களுக்கு ஏதும் கேட்க இருக்கா?” என்பேன். சிலர் இல்லை என்பார்கள். விட்டுவிடுவேன். மறுநாள் அவர்களே கூப்பிடுவார்கள்.

“தொட்டா அவருக்கும் தொத்துமா?” என்பார்கள். புற்றுநோய் தொற்றாது. “காயத்தில் வலிக்குமே?” ஒரு தலையணையை அணைத்து வைத்துக்கொள்ளலாம், அந்தப் பக்கம் பாரம் படாமல் பார்த்துக்கொள்ளலாம். மருந்தேற்றும் காலத்தில் களைப்பும் வறட்சியும் வரலாம். ஆசை குறைவது மனைவியின் குற்றமல்ல. அந்தக் காலத்தில் கர்ப்பம் தரிக்காமலும் இருக்கவேண்டும். அதற்கு ஏற்ற முறையை டொக்டரிடம் கேட்டே தெரிவுசெய்ய வேண்டும். காயத்தை முதன்முதல் பார்க்கும் நேரத்தில் பக்கத்தில் யார் நிற்பது என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும்.

இலங்கைப் பெண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். நம் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பெண்கள் புறக்கோட்டைக்குப் போய், 138 ஆம் இலக்க பஸ்ஸில் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போய்வருகிறார்கள். பக்கத்து வீட்டாரிடம் “சொந்தக்காரர் வீட்டுக்கு” என்கிறார்கள். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமைதோறும் அழுது சொல்வதை வீட்டில் சொல்வதில்லை.

இங்கேதான் உங்கள் உதவி வேண்டும். மார்பு அகற்றப்பட்ட டெரீஸ் லாசர் என்ற பெண், 1950களில் நியூயோர்க்கில், அதே ஒப்பரேஷன் செய்துகொண்டவர்களைக் கட்டிலருகே போய்ச் சந்திக்கத் தொடங்கினார். அதுவே பின்னர் பெரிய இயக்கமானது. இந்த மண்டபத்திலும் அந்த வழியால் நடந்து வந்தவர்கள் இருக்கக்கூடும். பெயர் சொல்ல வேண்டாம், மேடைக்கு வர வேண்டாம். உங்கள் தெருவில் ஒருத்திக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டால், சூப்போடு போய், கதவைச் சாத்திவிட்டுச் சிறிது நேரம் இருங்கள்.

35 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்கத்தின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள், பரிசோதனை இலவசம். அங்கே கேள்வி கேட்கவும் பழகுங்கள். தாதியாக இருக்கும் தங்கைமாரே, உங்களுக்கு ஒரேயொரு வேண்டுகோள்: நோயாளர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அன்று எனக்குத் தெரிந்திருந்தால், தட்டைக் கீழே வைத்துவிட்டு, “உட்காருங்கள், பேசுவோம்” என்றாவது சொல்லியிருப்பேன்.